படி இல்லாத வீட்டுக்குச் சாய்தளம் மட்டும் போதுமா?

கேள்வி, 11 ஆகஸ்ட் 2024

அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து ஏழு மாதம் ஆகிறது. வலது கை, வலது கால் இரண்டும் வரவில்லை. சக்கர நாற்காலிதான். ஊரில் 30க்கு 60 மனை இருக்கிறது, மாடி இல்லாமல் வீடு கட்டப் போகிறோம். பேஸ்மட்டம் 3 அடி, கேட்டிலிருந்து வாசல் 10 அடி. முன்னால் ஒரு சாய்தளம் போட்டு, எல்லாக் கதவையும் 3 அடி வைக்கச் சொல்லிவிட்டேன். தரைத்தள வீடுதானே, இதற்கு மேல் யோசிக்க ஒன்றும் இல்லை என்கிறார் இன்ஜினியர். சரிதானே? அடுத்த மாதம் கடைக்கால் தோண்டுகிறோம்.

11 ஆகஸ்ட், இரவு

கடைக்கால் தோண்டுவதை இரண்டு வாரம் தள்ளிப் போடுங்கள் தம்பி. பிளானில் கோட்டை அழிக்கக் காசு ஆகாது.

நான் 2016 முதல் நாற்காலியில் இருக்கிறேன். ஸ்கூட்டர் விபத்து, முதுகுத்தண்டில் அடி, இடுப்புக்குக் கீழே அசைவும் இல்லை, உணர்வும் இல்லை. 2019ல் திருவாரூர் பக்கம் எங்கள் ஊரில் வீடு கட்டினோம். நான், என் வீட்டுக்காரர், மகன், மாமியார் நான்கு பேர் இருக்கிறோம். மாடி கிடையாது. ஆனாலும் முதல் பிளானில் எனக்கு நுழைய முடியாத இடங்கள் ஐந்து இருந்தன.

உங்கள் சாய்தளத்தைப் பார்ப்போம். ஓர் அங்குலம் ஏற 12 அங்குல நீளம் வேண்டும் என்பது கணக்கு. 3 அடி ஏற 36 அடி. உங்களிடம் இருப்பது 10 அடி. அதில் 3 அடி ஏற்றினால் அது வண்டி ஏற்றுகிற சரிவு. ஆள் உட்கார்ந்த நாற்காலியை இரண்டு பேர் பிடித்துத்தான் ஏற்ற முடியும். இறக்கும்போது கை நழுவினால் தெருவில் போய்த்தான் நிற்கும்.

அடுத்தது கதவு. 3 அடிக் கதவு என்று ஆசாரி சொல்வது நிலையின் வெளி அளவு. இரண்டு பக்கச் சட்டமும் மூன்று மூன்று அங்குலம் போனால் மீதி 30. கதவைத் திறந்தால் அதன் கனம் ஒன்றரை அங்குலம் உள்ளே நிற்கும். 28½. சாதாரண நாற்காலி சக்கரத்தோடு 25, 26 அங்குலம் வரும். இரண்டு பக்கமும் சேர்த்து இரண்டரை அங்குலத்தில் கை முட்டிகள் நுழைய வேண்டும். வாடகை வீட்டில் இரண்டு வருஷம் அப்படிப் போய் வந்த தழும்பு என் புறங்கையில் இன்னும் இருக்கிறது. நிலையின் வெளி அளவு மூன்றரை அடி என்று எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்.

பாத்ரூம் அளவு என்ன? அதைச் சொல்லவே இல்லையே.

12 ஆகஸ்ட்

நேற்றுச் சொன்ன 36 அடி தப்பு. சமதளத்தை மறந்துவிட்டேன். 30 அடிக்கு ஒருமுறை 5 அடி சமமாக விட வேண்டும், மூச்சு வாங்க. மேலே கதவுக்கு முன்னால் இன்னொரு 5 அடி, இல்லாவிட்டால் சரிவிலேயே நின்றுகொண்டு பூட்டைத் திறக்க வேண்டும். ஆக 46 அடி.

இதெல்லாம் மத்திய வீட்டு வசதி அமைச்சகம் 2021ல் வெளியிட்ட அணுகல் வழிகாட்டியிலும் இருக்கிறது. கதவுக்கு 900 மில்லிமீட்டர் தெளிவான அகலம், திரும்ப 1500 மில்லிமீட்டர் வட்டம், அதாவது 5 அடி. பொதுக் கட்டடங்களை மனதில் வைத்து எழுதியது. நம் வீட்டுக்கு அதை ஆரம்ப அளவாக வைத்துக்கொள்ளலாம், முடிவான அளவு உங்கள் அப்பாவின் கையும் நாற்காலியும்தான்.

12 ஆகஸ்ட், மாலை

இன்னொன்று. 1க்கு 12 என்பது இரண்டு கையாலும் தள்ளுகிறவர் கணக்கு. உங்கள் அப்பாவுக்கு இடது கை மட்டும். ஒரு கையாலும் ஒரு காலாலும் உந்துகிறவர் 1க்கு 12ல் தானாக ஏறுவது ரொம்பச் சிரமம். எனக்கே, இரண்டு கையும் நன்றாக இருந்தும், தோள் வலிக்கிற நாளில் அது மலை.

பாத்ரூம் 4க்கு 7, இரண்டரை அடிக் கதவு என்று பதில் போட்டிருக்கிறீர்கள். அந்தக் கதவில் நாற்காலி நுழையாது. அதைத் தனியாக எழுதுகிறேன், பெரிய கதை.

15 ஆகஸ்ட்

சாய்தளத்துக்குப் பதில் நாங்கள் என்ன செய்தோம் என்று மூன்று பேர் கேட்டிருக்கிறீர்கள்.

எங்கள் தெருவிலும் எல்லோரும் மூன்று அடி, நாலு அடி பேஸ்மட்டம் போடுகிறார்கள். காரணம் இருக்கிறது. பழைய தாரைச் சுரண்டாமல் மேலேயே போட்டுப் போட்டு ரோடு உயர்கிறது, மழைத் தண்ணீர் வீட்டுக்குள் வருகிறது. தெருவில் தண்ணீர் அதிகபட்சம் எதுவரை நின்றிருக்கிறது என்று பெரியவர்களைக் கேட்டோம். அவர்கள் சுவரில் கைகாட்டிய மட்டம் ஓர் அடி. அதற்கு மேல் ஆறு அங்குலம் வைத்து ஒன்றரை அடியில் நிறுத்தினோம். ரோட்டுக்காக இன்னும் ஏற்றச் சொன்ன மேஸ்திரியோடு என் வீட்டுக்காரர் நான்கு நாள் பேசினார்.

கேட்டிலிருந்து வாசல் வரை 30 அடி விட்டு வீட்டைப் பின்னால் தள்ளினோம். 20 அடி அகலத்துக்கு முன்வாசல் முழுக்கக் கிராவல் கொட்டி, கேட்டில் ரோடு மட்டம், வீட்டில் தரை மட்டம் என்று சரித்துவிட்டோம். 30 அடியில் 18 அங்குலம், 1க்கு 20. கணக்குப்படி நாலரை யூனிட் (ஒரு யூனிட் 100 கன அடி), இடித்துக் கெட்டிப்படுத்தியபோது ஆறு யூனிட் ஆயிற்று. மேலே சிமெண்ட் கல். கைப்பிடி இல்லை, திருப்பம் இல்லை. வருகிறவர்கள் சரிவு இருப்பதையே கவனிப்பதில்லை. தண்ணீரும் வீட்டை விட்டு ரோட்டுப் பக்கம் ஓடிவிடும். மாமியார் கோலம் போட கேட்டுக்கு உள்ளே ஓரமாக ஒரு நாலடி மட்டும் சமமாக விட்டோம்.

எல்லோரோடும் ஒரே வழியில், முன்வாசலில் வர வேண்டும் என்பது என் பிடிவாதம். பின்பக்கமாகச் சரிவு போட்டால் மலிவு என்றார்கள். சொந்த வீட்டுக்குக் கொல்லை வழியாக வர மாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

17 ஆகஸ்ட்

நிலைப்படியைப் பற்றிக் கோவைக்காரர் கேட்டிருக்கிறார். வீட்டுப் பெரியவர்கள் விடவில்லையாம்.

எங்கள் வீட்டிலும் இதுதான் பெரிய சண்டை. நிலைவாசலுக்குக் கீழ்ப்படி இல்லாமல் எப்படி? மஞ்சள் பூசிக் குங்குமம் வைக்க வேண்டும், நிலை வைக்கிற அன்று நவதானியமும் காசும் அடியில் போட வேண்டும். "படி இல்லாத வாசலில் லட்சுமி எங்கே நிற்பாள்?" என்று மாமியார் கேட்டார். எனக்கு அன்று அழுகை வந்தது. மூன்று அங்குலக் கட்டையை நான் தாண்ட முன்சக்கரத்தைத் தூக்கி, பின்சக்கரத்தை உந்தி, ஒவ்வொரு முறையும் பின்னால் சாய்ந்து விழுகிற பயம். ஒரு நாளைக்கு இருபது முறை.

வழி சொன்னது ஆசாரி. கீழ்ச்சட்டம் இருக்கட்டும், அதைத் தரைக்குள் புதைத்துவிடலாம் என்றார். தேக்குச் சட்டத்தின் மேல்முகம் மட்டும் தரையோடு ஒட்டித் தெரியும். நவதானியம் போட்டோம், காசு போட்டோம். வெள்ளிக்கிழமை மஞ்சள் பூசுகிறார், குங்குமம் வைக்கிறார். படியை மிதிக்கக்கூடாது என்று பேரனைத் திட்டுவார். நான் அதன் மேல்தானே போகிறேன் என்று ஒரு நாள் கேட்டேன். "மிதிக்கக்கூடாது என்பது காலுக்குத்தான்டி, சக்கரத்துக்கு இல்லை" என்றார். அதற்குப் பிறகு அந்தப் பேச்சே வந்ததில்லை.

படி இல்லாவிட்டால் பாம்பு, பூரான் நுழையும் என்ற பயம் நியாயமானது, வயல் பக்கம் வேறு. கதவின் அடியில் ரப்பர் பட்டை அடித்திருக்கிறோம், இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்றுகிறோம். வாசலுக்குக் குறுக்கே கம்பி வலை மூடிய வாய்க்கால் ஒன்று, சாரல் தண்ணீருக்கு. வலையின் இடைவெளி அரை அங்குலத்துக்கு மேல் போனால் முன்சக்கரம் மாட்டும்.

19 ஆகஸ்ட்

தாழ்ப்பாள். எழுத மறந்தது. நம் ஊர்க் கதவுகளில் ஒன்று உச்சியில், ஒன்று தரையில். இரண்டும் எனக்கு எட்டாது. வீட்டுக்குள்ளிருந்து என் வீட்டுக் கதவை நானே பூட்ட முடியாமல் முதல் மூன்று மாதம் இருந்தேன். 3 அடி உயரத்தில் நடுவில் ஒன்று போடுங்கள், குறுக்கே தள்ளுகிற மாதிரி.

கைப்பிடி இருக்கிற பக்கம் சுவர் ஒன்றரை அடியாவது நீள வேண்டும். கதவை உங்கள் பக்கம் இழுக்கும்போது நாற்காலி ஒதுங்க இடம் வேண்டும் அல்லவா? மூலையில் கதவு வைத்தால் அகலம் எவ்வளவு இருந்தும் பயனில்லை.

25 ஆகஸ்ட்

பாத்ரூம்.

முதலில் அளவு. 6க்கு 8 இருந்தால் போதும், 7க்கு 8 இருந்தால் நிம்மதி. உள்ளே 5 அடி வட்டம் ஒன்று காலியாகக் கிடக்க வேண்டும். இடத்தை எங்கிருந்து எடுப்பது? உங்கள் பிளானில் ஹால் 12க்கு 18. அதில் இரண்டரை அடி எடுங்கள். ஹால் சிறுத்தால் யாரும் விழ மாட்டார்கள்.

கதவு வெளிப்பக்கம் திறக்க வேண்டும், அல்லது சுவரோடு நகர வேண்டும். உள்ளே ஆள் விழுந்துவிட்டால் உடம்பே கதவுக்கு அடைப்பாகி, வெளியிலிருந்து திறக்க முடியாது. எனக்கு நடந்திருக்கிறது. வாடகை வீட்டில். மகன் அப்போது எட்டாவது படித்தான், வெண்டிலேட்டர் கண்ணாடியைக் கழற்றி அதன் வழியாக இறங்கினான்.

தரையை ஹாலோடு ஒரே மட்டத்தில் தொடங்கி, எதிர்ச்சுவர் நோக்கி 50க்கு 1 சரிக்க வேண்டும். 8 அடிக்கு இரண்டு அங்குலம். தண்ணீர் போகிற வழி அந்தச் சுவர் ஓரமாக நீளவாக்கில் இருந்தால் நல்லது. எங்கள் கொத்தனார் எல்லாம் சரியாகச் செய்துவிட்டு, கடைசி நாள் வாசலில் ஒரு கிரானைட் பட்டை ஒட்டிவிட்டார், தண்ணீர் ஹாலுக்கு வரக்கூடாது என்று. முக்கால் அங்குலம். எனக்கு நல்லது செய்வதாக நினைத்தார், கோபப்பட முடியவில்லை. மெஷின் வைத்து அறுத்து எடுத்தோம். அந்த இடத்தில் ஓடு உடைந்த தடம் இன்னும் இருக்கிறது. கொத்தனாரிடம் சொல்லும்போது "மட்டமாக" என்று சொன்னால் போதாது, "கோலிக்குண்டு உருட்டினால் நிற்காமல் உள்ளே போக வேண்டும்" என்று சொல்லுங்கள். அது உடனே புரியும்.

ஓடு சொரசொரப்பாக, சிறியதாக. 12க்கு 12 அங்குல அளவே போதும், இணைப்புக் கோடுகள் அதிகம் வந்தால் பிடிப்பும் அதிகம். வெள்ளைப் பிளாஸ்டிக் நாற்காலி போட்டுக் குளிக்கலாம் என்று நினைக்க வேண்டாம். ஈரத்தில் அதன் கால் வழுக்கும்.

கமோடு, உட்காரும் பலகையோடு சேர்த்து, நாற்காலி இருக்கையின் உயரத்துக்கு வர வேண்டும். எனக்கு 19 அங்குலம். கடையில் கிடைப்பது 15, 16தான். அடியில் மேடை கட்டினால் பாதத்தட்டு அதில் இடிக்கும், அதனால் சுவரில் தொங்குகிற வகை வாங்கினோம்.

இப்போது உங்கள் அப்பா. இடது பக்கம் வலு. அவர் கமோடில் உட்கார்ந்தால் இடது கைப்பக்கம் சுவர் வர வேண்டும், அதில் கைப்பிடி. நாற்காலி வலது பக்கம் நிற்கும், வலுவான பக்கமாக நகர்ந்து உட்காருவார். திரும்பும்போது பலவீனமான பக்கமாக நகர வேண்டும், அங்கேதான் சிக்கல். இடது கையால் பிடித்து எழுந்து நிற்பார், பின்னாலிருந்து ஒருவர் நாற்காலியை நகர்த்தித் தர வேண்டும். அந்த ஒருவர் நிற்க இடம் இருக்கிறதா என்று பாருங்கள். பிசியோதெரபிஸ்ட்டை ஒருமுறை மனைக்கே கூட்டிப்போய்க் காட்டுங்கள்.

26 ஆகஸ்ட்

கைப்பிடிக்கு ஒரு திருத்தம். எங்கள் சுவர் 9 அங்குலச் செங்கல், அதனால் யோசிக்காமல் எழுதிவிட்டேன். இலேசான கற்களால் கட்டுகிறவர்கள் கைப்பிடி வரும் இடத்தில் மட்டும் கான்கிரீட் அடைத்துவிட வேண்டும், சுவர் எழும்பும்போதே. பிறகு துளை போட்டு மாட்டினால் ஆளின் எடையோடு பிய்ந்து வரும். துண்டு போடுகிற கம்பியைக் கைப்பிடியாக நினைத்துப் பிடித்து விழுந்தவர்களை எனக்குத் தெரியும்.

என் கைப்பிடி, கமோடு பலகைக்கு மேலே 8 அங்குலத்தில் இருக்கிறது. சுவருக்கும் அதற்கும் ஒன்றரை அங்குல இடைவெளி.

2 செப்டம்பர்

சேலத்துச் சகோதரியின் கேள்வி: "வீட்டில் மற்றவர்கள் இருக்கும்போது சமையலறையைக்கூட மாற்ற வேண்டுமா?" எங்கள் உறவினர்களும் இதையேதான் கேட்டார்கள், பாசத்தோடுதான். உனக்கு எதற்கு அந்தக் கஷ்டம் என்று.

நான் பயிற்சி எடுத்தது வேலூர் மறுவாழ்வு நிலையத்தில். அந்த நிலையத்தை 1966ல் தொடங்கியவர் டாக்டர் மேரி வர்கீஸ். 1954ல் ஒரு விபத்தில் கால்கள் செயல் இழந்த பிறகும், நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தவர். உட்கார்ந்தபடி ஆபரேஷன் செய்ய முடியும் என்றால் உட்கார்ந்தபடி குழம்பு வைக்க முடியாதா என்றுதான் நான் வீட்டில் கேட்டேன்.

மேடை இரண்டு உயரம். மாமியாருக்கு 33 அங்குலம், எனக்கு 30. என் பக்கம் கீழே அலமாரி இல்லை, முட்டி உள்ளே போகும். தொட்டி ஆழம் 6 அங்குலம், கழிவுக் குழாய் பின்சுவரை ஒட்டி.

அடுப்பில்தான் முதலில் தப்புச் செய்தோம். 30 அங்குல மேடையில் அடுப்பை வைத்தால் பர்னர் 34க்கு வருகிறது, மேலே பானை வைத்தால் அதன் வாய் என் கண்ணுக்கு நேரே. குழம்பு கொதிக்கிறதா என்று எட்டிப் பார்க்க முடியாது, ஆவி முகத்தில் அடிக்கும். ஆறு மாதம் கழித்து அடுப்பு நிற்கிற துண்டை மட்டும் அறுத்து 26க்கு இறக்கினோம். இப்போது பர்னரும் மேடையும் ஒரே மட்டம். பானையைத் தூக்கவே வேண்டாம், கிரானைட் மேல் அப்படியே இழுத்துத் தொட்டி வரை கொண்டுபோய்க் கஞ்சி வடிக்கலாம்.

அடுப்புக்கு நேர் கீழே முட்டி போகிற மாதிரி வைக்கவே கூடாது. கொதிப்பது கவிழ்ந்தால் மடியில்தான் விழும், என் மடிக்குச் சூடு தெரியாது. அடுப்புக்குப் பக்கவாட்டில் நாற்காலியை நிறுத்தித்தான் சமைக்கிறேன்.

8 செப்டம்பர்

கொஞ்சம் சந்தோஷமான விஷயம். திண்ணை. இதை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை, நானே கண்டுபிடித்தேன். மாமனாரின் பழைய வீட்டுத் திண்ணையை ஒரு நாள் அளந்தேன், 19 அங்குலம். என் நாற்காலி மெத்தையோடு 19½. நாற்காலியை ஒட்டி நிறுத்தி, அதன் ஒரு பக்கக் கையை மடக்கிவிட்டு நகர்ந்தால் திண்ணையில் இருக்கிறேன்! அதே அளவில் எங்கள் வாசலிலும் கட்டினோம், 6 அடி நீளம், 2½ அடி அகலம். மாலையில் பக்கத்து வீட்டு அக்காவோடு ஒரே மட்டத்தில் உட்கார்ந்து பூக் கட்டுகிறேன். நாற்காலியில் இருந்தால் எல்லோரும் குனிந்து பேசுகிறார்கள், இல்லாவிட்டால் நான் நிமிர்ந்து பேச வேண்டியிருக்கிறது.

9 செப்டம்பர்

நேற்று எழுதியதோடு இதையும் சேர்த்துப் படியுங்கள். என்னை மாதிரி உணர்வு இல்லாதவர்கள் வெயில் பட்ட திண்ணையில் உட்காரவே கூடாது. 2020 மே மாதம், மதியம் மூன்று மணி, வெறும் சிமெண்ட். பத்து நிமிஷம் இருக்கும். இரவு உடை மாற்றும்போதுதான் கொப்புளம் தெரிந்தது. ஆற நாலு மாதம் ஆயிற்று, அந்த நாலு மாதமும் குப்புறப் படுத்தே கிடந்தேன். கையால் தொட்டுப் பார்த்து, மெத்தை போட்டுத்தான் உட்கார வேண்டும். முனைகளை உருட்டிவிடச் சொல்லுங்கள், கூரான விளிம்பு தொடையை அறுக்கும்.

கோடையில் மேல்தொட்டித் தண்ணீரும் அப்படித்தான். மதியம் குழாயைத் திறந்தால் கொதிநீர் மாதிரி வரும். முழங்கையில் விட்டுப் பார்த்த பிறகு காலில் ஊற்றுங்கள்.

27 அக்டோபர்

ஐப்பசி மழை தொடங்கிவிட்டது. காலையில் வாசலைப் பார்த்ததும் ஆகஸ்ட் 15ல் நான் எழுதாமல் விட்டது ஞாபகம் வந்தது.

முன்வாசல் சரிவு முதல் மழைக்காலத்திலேயே இறங்கிவிட்டது. எங்களுடையது களிமண் பூமி. கிராவலை ஒரே தடவையில் கொட்டி மேலே மட்டும் இடித்தார்கள். வீடு கடைக்காலில் அசையாமல் நிற்கிறது, மண் ஒன்றரை அங்குலம் உட்கார்ந்துவிட்டது. ஆக வாசலில் ஒரு படி முளைத்துவிட்டது. முன்சக்கரம் அதில் மாட்டி நான் முன்னால் கவிழ்ந்தேன், முன்பல் ஒன்று போனது.

ஆறு ஆறு அங்குலமாகக் கொட்டி, ஒவ்வோர் அடுக்கையும் தண்ணீர் விட்டு இடித்து, ஒரு மழைக்காலம் விட்டுவிட்டு மேலே கல் பதிக்க வேண்டும். வீட்டை ஒட்டின கடைசி 5 அடிக்குக் கான்கிரீட் பலகை போட்டு, அதன் கம்பியைப் பேஸ்மட்டப் பெல்ட்டோடு, அதாவது சுவர்களுக்கு அடியில் சுற்றி ஓடுகிற கான்கிரீட் சட்டத்தோடு, கட்டிவிட வேண்டும். நாங்கள் இரண்டாவது வருஷம் பெயர்த்து எடுத்து இப்படித்தான் செய்தோம். கரையானுக்கும் அப்போதே மருந்து அடித்தோம், ஏனென்றால் மண் சுவரை ஒட்டியே நிற்கிறது.

சென்னை மெரினாவில் 2022 நவம்பரில் நாற்காலிக்காரர்கள் கடல் வரை போக மரப்பாதை திறந்தார்கள். அடுத்த மாதமே மாண்டஸ் புயலில் சேதமாயிற்று, சரிசெய்து மறுபடி திறந்தார்கள். சரிவு என்பது ஒவ்வொரு மழைக்குப் பிறகும் பார்த்துக்கொள்ள வேண்டிய பொருள்.

28 அக்டோபர்

கொல்லை வழியாக வர மாட்டேன் என்று எழுதியதற்கு மதுரைக்காரர் ஒருவர் பதில் எழுதியிருக்கிறார். அவருடைய மனையில் முன்னால் இடமே இல்லை. பக்கச் சந்தில் சரிவு போட்டு, அந்தப் பக்கமே திண்ணையும் அழைப்பு மணியும் வைத்து, வீட்டில் எல்லோரும் அந்த வழியாகத்தான் வந்து போகிறார்களாம். முன்கதவு பொங்கலுக்கும் தீபாவளிக்கும் திறப்பதாம். நான் எழுதியது அவசரம். எல்லோரும் நடக்கிற வழி எதுவோ அதுவே வாசல். தம்பி, உங்கள் மனைக்கு இதுதான் பொருந்தும் என்று தோன்றுகிறது. பேஸ்மட்டத்தை 2 அடிக்கு இறக்கி, வடக்குச் சந்தை 5 அடியாக்கினால், 1க்கு 16ல் 32 அடி, நடுவில் ஒரு சமதளம். 60 அடி மனையில் அடங்கிவிடும்.

18 நவம்பர்

மின்சாரத்தை நம்பி எதையும் வைக்காதீர்கள். 2018 நவம்பர் 16ல் கஜா அடித்தபோது எங்கள் தெருவுக்கு மின்சாரம் திரும்ப மூன்று வாரத்துக்கு மேல் ஆயிற்று. பேட்டரி நாற்காலி வைத்திருந்த ஒருவர் அத்தனை நாளும் கட்டிலில் கிடந்தார். அதனால் புது வீட்டுக் கொல்லையில் அடிபம்பு போட்டோம், உட்கார்ந்தபடி எட்டுகிற மாதிரி கைப்பிடியைத் தாழ்த்தி.

சுவிட்சுப் பெட்டி மூன்றேகால் அடியில், பிளக் ஒன்றரை அடியில். பியூஸ் பெட்டியையும் மறக்காமல் 4 அடிக்கு இறக்குங்கள். இருட்டில் தனியாக இருந்தபோதுதான் அது ஏழு அடி உயரத்தில் இருப்பது எனக்கு உறைத்தது.

14 டிசம்பர்

நேற்று கார்த்திகை. மழைக்குப் பயந்து விளக்குகளைத் திண்ணையிலேயே வைத்தோம்.

மாடி இல்லாத வீடு என்கிறோம், ஆனால் மொட்டைமாடி இருக்கிறதே. வடகம் காய்வது, துணி காய்வது, பௌர்ணமிக்குப் பாய் விரிப்பது எல்லாம் அங்கேதான். பிளான் போட்டபோது எனக்கு அது தோன்றவே இல்லை. குடிவந்த முதல் கார்த்திகைக்கு எல்லோரும் விளக்கோடு மேலே ஏறிப் போனார்கள், கீழே நான் மட்டும். பேச்சுச் சத்தம் கேட்டது.

அடுத்த வருஷத்திலிருந்து என் வீட்டுக்காரரும் தம்பியும் தூக்கிக்கொண்டு போகிறார்கள், வருஷத்துக்கு ஒருமுறை. போதும் என்று சொல்ல மாட்டேன். துணிக்கொடியையும் வடகம் காய்கிற மேடையையும் கொல்லைக்கு இறக்கிவிட்டோம். கொடி 4 அடியில் இருக்கிறது, ஒரு பக்கம் கப்பி வைத்து இறக்கி ஏற்றலாம். பாய் விரிக்கிற திட்டு ஒன்று, 19 அங்குலத்தில், வேப்பமரத்தடியில். நிலா அங்கேயும் தெரியும், இலைக்கு நடுவில்.

மறுபடி கட்டினால் கொல்லையை இன்னும் பத்தடி பெரிதாக விடுவேன்.

5 ஜனவரி 2025

பேஸ்மட்டம் 2 அடி என்று இன்ஜினியர் ஒத்துக்கொண்டாரா! நல்லது. கடைக்காலுக்கு முன் இன்னும் ஒரே ஒரு வேலை. மனையைச் சுத்தம் செய்து, கோலமாவில் வீட்டை முழு அளவில் வரையுங்கள். சுவர், கதவு, கட்டில், கமோடு எல்லாம். எங்கள் வீட்டை மாமியார்தான் வரைந்தார், அரைநாள் ஆயிற்று. அதற்குள் நாற்காலியில் சுற்றி வந்தேன். காகிதத்தில் சரியாக இருந்த படுக்கையறைக் கதவு கட்டில் முனையில் இடிப்பது அப்போதுதான் தெரிந்தது. ஐந்து இடம் என்று முதல் நாள் எழுதினேனே, அதில் மூன்று இப்படிக் கிடைத்தவை.

அப்பாவைக் கட்டாயம் கூட்டிப் போங்கள்.

12 ஜனவரி

உங்கள் செய்தியை மாமியாருக்கும் படித்துக் காட்டினேன். அப்பா இடது கையால் கோலக்கோட்டை அழித்துவிட்டு, கட்டிலை ரோட்டுப் பக்க ஜன்னலுக்கு மாற்றச் சொன்னார் என்று எழுதியிருக்கிறீர்கள். மாற்றிவிடுங்கள். அப்படியானால் கட்டிலின் இடது பக்கம் 5 அடி காலியாக வேண்டும், குளியலறைக் கதவும் அந்தப் பக்கமே வரட்டும். கட்டில் மெத்தையோடு 19, 20 அங்குலம்.

ஜன்னலின் அடிமட்டம் எல்லோரும் வைக்கிற 3 அடி வேண்டாம், 2 அடி வையுங்கள். படுத்தபடியே ரோடு தெரியும். கிரில்லின் குறுக்குக் கம்பி கண்ணுக்கு நேரே வந்துவிடக்கூடாது. அப்பா கட்டிலில் சாய்ந்து உட்காரும்போது கண் மட்டம் தரையிலிருந்து எத்தனை அங்குலம் என்று அளந்து எழுதுங்கள், கம்பி எங்கே வரலாம் என்று சொல்கிறேன்.